சுண்டுவிரல் மை

புதுச்சத்திரத்தில் டாக்டர் சபரிநாதனின் கிளினிக்குக்கு மைக் செட் தேவைப்பட்டதே இல்லை. நர்ஸ் மஞ்சுளா இருந்தாள். "சர்க்கரைக்கு ரத்தம் குடுத்தவங்க உள்ள வாங்க" என்று அவள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் கடைக்காரர் தன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், போங்கள் என்று அனுப்பிவைப்பார். அந்த ஆளுக்குச் சர்க்கரை என்பது இப்படி டீக்கடைக்குத் தெரிந்துவிடும். டீக்கடைக்குத் தெரிந்தபின் ஊருக்குத் தெரிய என்ன பாக்கி? ஆனாலும் மறுநாள் அவர் டீயில் வழக்கம்போலச் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

மஞ்சுளாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் வழக்கமே அப்படித்தான். கிளினிக் ஹாலில் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்னங்க?" என்பதுதான். பதில் சொல்லாதவருக்கு ஒன்று தலைக்கனம், இல்லையென்றால் வெளியே சொல்ல முடியாத வியாதி. அதனால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூலத்துக்கு வந்தவர் மூலத்தைச் சொல்வார். ஹாலே கூடி அதற்கு மூன்று வைத்தியம் சொல்லும். டாக்டரிடம் போய்ச் சேரும்போது நோயாளி பாதி குணமாகியிருப்பார், இல்லாவிட்டால் முழுதாகப் பயந்திருப்பார்.

முன்பு இருந்த வயதான டாக்டர் ஹாலுக்கும் தன் அறைக்கும் நடுவே ஒரு அரைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். அவருக்குப்பின் வந்த சபரிநாதன், சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் தன் வீட்டில் கேட்பதுபோல் சுவரோடு சுவராக வாழ்ந்து அலுத்துப் போயிருந்தாரோ என்னவோ, வந்த வேகத்தில் திரையைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட்டார், தாழ்ப்பாளோடு. ஒருவர் உள்ளே வந்தால் அவர் மட்டும்தான் வரவேண்டும் என்றார். ஊர் கொதித்தது. கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன வைத்தியம் என்று கேட்டார்கள். கூட வந்த ஆளை வெளியே நிறுத்தினால் டாக்டர் சொன்னதை வீட்டில் போய் யார் சொல்வது என்று சண்டைக்கு வந்தார்கள்.

மஞ்சுளாவுக்கும் முதலில் அது பிடிக்கவில்லை. டாக்டர் அவளிடம் கோபப்படாமல் ஒன்று மட்டும் சொன்னார்: "நோயாளி சொல்றது நோயாளிக்குச் சொந்தம் சிஸ்டர். நாம வாட்ச்மேன்தான்." அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வியாதியைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் மட்டும் குறையவில்லை. அது பிறவிக் குரல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மாசி மாதத்தில்தான் வேலுமணியின் கோழிப்பண்ணைக்குள் அம்மை புகுந்தது. வேலுமணி அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அவரிடம் வேலை பார்த்தார்கள். முட்டை பிரிக்கும் கொட்டகையில் ஒரு பெண்ணுக்கு உடம்பெல்லாம் கொப்பளம் கண்டது. அடுத்த வாரம் பக்கத்தில் நின்றவளுக்கு, அதற்கடுத்து லோடு ஏற்றுகிறவர்களுக்கு. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. முட்டைகள் ட்ரே ட்ரேயாக அடுக்கியிருக்க, பிரிக்க ஆள் இல்லை.

வேலுமணி நேரே கிளினிக்குக்கு வந்து புலம்பினார். தன் பண்ணையில் இருக்கும் கோழிகளில் ஒன்றுக்குக்கூடத் தடுப்பு மருந்து தவறியதில்லை, குஞ்சு இறங்கிய நாளிலிருந்து நாள் குறித்துப் போட்டுவிடுகிறோம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதனுக்கு ஒன்றும் இல்லை என்றார். டாக்டர் இதற்காகத்தான் காத்திருந்தவர்போல, பெரியவர்களுக்கும் சின்னம்மைக்கு ஊசி உண்டு, ஏற்கெனவே அம்மை கண்டவர்களுக்குத் தேவையில்லை, மற்றவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினார். மருந்தைத் தன் பொறுப்பில் வரவழைத்துவிடுவதாக வேலுமணி அங்கேயே ஒப்புக்கொண்டார். பண்ணை ஆட்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கே. ஞாயிற்றுக்கிழமை முகாம் என்று முடிவானது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. வேலுமணிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. யார் போட்டுக்கொண்டார், யார் டிமிக்கி கொடுத்தார் என்று எப்படித் தெரியும்? கோழி என்றால் கவலை இல்லை. கண்ணில் விடும் சொட்டு மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும், அது உள்ளே இறங்கினால் நாக்கு நீலமாகிவிடும். சூப்பர்வைசர் நாலு கோழியைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தால் வேலை நடந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மனிதன் வாயை அப்படித் திறக்க முடியுமா?

மஞ்சுளா சிறுமியாக இருந்தபோது அவள் அம்மா கோழிகளுக்கு மருந்து போடும் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாக வேனில் போனவள். லீவு நாட்களில் இவளும் கூடப் போய்க் குஞ்சுகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த ஞாபகத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. போலியோ சொட்டு மருந்துக்குக் குழந்தைகள் சுண்டுவிரலில் மை வைக்கிறோமே, அதையே பெரியவர்களுக்கும் வைத்துவிட்டால் போகிறது என்று சொல்லிவிட்டாள். வேலுமணி மேஜையைத் தட்டினார். இதுதான் யோசனை என்றார். டாக்டர் அது தேவையா என்று ஆரம்பித்தார். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது. அவர் பேசி முடிப்பதற்குள் ஊர் வாட்ஸப் குரூப்பில் வேலுமணியின் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது: திங்கட்கிழமையிலிருந்து சுண்டுவிரலில் மை இல்லாதவர்கள் பண்ணை கேட்டைத் தாண்ட முடியாது. அம்மை கண்டவர்களுக்கு அவர்கள் தழும்பே சீட்டு.

மஞ்சுளாவுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. தன் யோசனை ஊர் முழுக்க ஓடுகிறது என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹால் காலியாகிற நேரமாகப் பார்த்து ரஞ்சிதா வந்தாள். வேலுமணியின் பண்ணையில் பில் போடுகிறவள். கல்யாணமாகி நாலு வருடம். புருஷன் மாதேஷ் போர்வெல் போடும் ரிக் லாரியில் டிரைவர். பொங்கலுக்கு வந்து இருந்துவிட்டு மறுபடி சத்தீஸ்கர் பக்கம் போனவன்தான், இனி எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் ரஞ்சிதாவும் மாமியார் பாப்பாயியும்தான். பாப்பாயி மருமகளைத் தும்மலுக்குக்கூடத் தனியாக டாக்டரிடம் அனுப்புகிறவள் இல்லை. டாக்டர் கதவு போட்டபோது முதலில் சண்டைக்கு வந்ததும் அவள்தான். அப்படியிருக்க ரஞ்சிதா தனியாக வந்ததுமே மஞ்சுளாவுக்குச் சங்கதி பாதி புரிந்துவிட்டது. பரிசோதித்துப் பார்த்ததில் மீதியும் தெரிந்தது. இரண்டு கோடு.

ரஞ்சிதா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்று மாதம் தாண்டாமல் போய்விட்டது. இரண்டு தடவையும் கோடு தெரிந்த அன்றே பாப்பாயி சந்தோஷம் தாங்காமல் தெருவெல்லாம் சொல்லி, மாரியம்மன் கோயிலில் பொங்கலும் வைத்துவிட்டாள். அது போனபோது அதே தெரு முழுக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. ஸ்கூட்டரில் போனாயா, பப்பாளி தின்றாயா, உயரத்திலிருந்து ஏதாவது எடுத்தாயா என்று ஆளுக்கொரு கேள்வி. படுத்துக்கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்துக் கேட்டார்கள்.

"போனதைக்கூடத் தாங்கிட்டேங்க்கா," என்றாள் ரஞ்சிதா. "வந்து வந்து கேட்டாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. இந்தத் தடவை அஞ்சு மாசம் ஆகற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். அத்தைக்கும்தானுங்க."

டாக்டர் அவளுக்கு வேண்டிய மாத்திரைகளை எழுதிக்கொடுத்துவிட்டு, இந்த அம்மை ஊசியைக் கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். அம்மை வந்தாலும் ஆபத்து, அதனால் முட்டைக் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பில் அறையோடு நின்றுகொள் என்றார். ரஞ்சிதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப மைக்கு என்னங்க்கா பண்றது?"

மஞ்சுளா மையை மறந்தே போயிருந்தாள். அம்மை கண்ட உடம்பு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பெண் பார்த்துவிட்டு வந்தபோதே, முகத்தில் ஒரு புள்ளி தழும்பு கிடையாது, சின்ன வயதில்கூட அம்மை பார்த்திராத உடம்பு என்று பாப்பாயி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். தழும்பும் இல்லை, மையும் இல்லை என்றால், கல்யாணமான சின்னப் பெண்ணுக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் ஊரே கணக்குப் போட்டு முடித்துவிடும். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிலிருந்து எல்லோருக்கும் அவள் விரலே சொல்லிவிடும்.

கோழிக்கு ரகசியம் எதுவும் கிடையாது என்பது மஞ்சுளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் வாயைத் திறந்து சொன்ன யோசனை இந்தப் பெண்ணின் விரலில் வந்து நிற்கும் என்று அவள் எங்கே நினைத்தாள்? ரஞ்சிதாவின் கையைப் பிடித்து, நான் பார்த்துக்கொள்கிறேன் போ கண்ணு என்று சொல்லி அனுப்பினாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வேலுமணிக்குப் போன் போட்டு, மை சிலருக்கு அரிக்குமாம், விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர், அப்படியென்றால் நகத்தில் வைத்துவிடு என்று சொல்லிப் போனைத் துண்டித்துவிட்டார். பிறகு டாக்டரிடம் போய் நின்றாள். மை வேண்டாம் என்று என்னால் நிறுத்திவிட முடியும், ஆனால் ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, யாருக்காக நிறுத்தினார்கள் என்று அடுத்த கேள்வி வருமே என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இந்த ஊரில் ஒரு கேள்வியை அடைத்தால் அது வேறு வாசல் வழியாக வரும்.

மஞ்சுளா சிரிஞ்சுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே யோசித்தாள். அடுக்கி முடிக்கும்போது, "எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டா என்னங்க சார்?" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஊசி போட்டவர், போடாதவர், ஏற்கெனவே அம்மை கண்டவர், காய்ச்சல்காரர், கதவைத் தாண்டி உள்ளே வருகிற அத்தனை பேர் விரலிலும் மை. அப்படியென்றால் மைக்கு என்னதான் அர்த்தம் என்று அவர் கேட்டார். உள்ளே வந்து போனார்கள் என்று அர்த்தம் என்றாள் இவள். டாக்டர் சிரித்துவிட்டார். அப்போதே வேலுமணிக்குப் போன் செய்து, மையோடு வருகிறவர்களை நான் பார்த்துவிட்டேன் என்று பொருள், உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கும் அவர்களுக்கும், பண்ணைக்கு ஆகாதவர் யாராவது இருந்தால் அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார். வேலுமணி முறுக்கினார். இது என்ன கூத்து என்றார். போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது இந்தக் கதவு இருந்தது நல்லதாகப் போயிற்றா இல்லையா என்று டாக்டர் பணிவாகக் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அதற்குப் பிறகு வேலுமணிக்கு எல்லாம் சம்மதமாகிவிட்டது. அவர் எதற்காக வந்திருந்தார் என்று இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹால் நிரம்பி, வாசலில் பந்தல் போட்டு, பந்தலும் நிரம்பி வழிந்தது. அம்மை கண்டவர்களுக்கு ஊசி இல்லை என்றாலும், உள்ளே போய் மை வைத்துக்கொள்ள வேண்டும் என்றதும் அவர்களும் வரிசையில் நின்றார்கள். யாருக்கு எந்தப் பக்கம் வலிக்கும், எது போட்டால் காய்ச்சல் வரும் என்று கேள்விகள் பறந்தன. அதில் பாதி ராசாத்தியுடையது. ராசாத்தி பாப்பாயிக்கு அடுத்த வீட்டுக்காரி. அவளுக்கு யார் மேலும் வன்மம் கிடையாது, தெரிந்துகொள்ளாமல் இருக்க மட்டும் முடியாது.

பாப்பாயி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தனக்கு ஊசி வேண்டாம் என்று வந்ததுமே அறிவித்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயது வரைக்கும் அம்மன் தன்னை ஒருதரம்கூட எட்டிப் பார்த்ததில்லை, வருஷா வருஷம் விரதமிருந்து தீர்த்தக்குடம் எடுக்கிறவளுக்கு எதற்கு ஊசி என்பது அவள் கட்சி. மஞ்சுளா போய்ச் சொல்லிப் பார்த்தாள், வேலுமணி சொல்லிப் பார்த்தார். பாப்பாயி மசியவில்லை. புள்ளையைக் கூட்டியாந்தேன், கூட்டிக்கிட்டுப் போவேன், அவ்வளவுதான் என்றாள். பக்கத்தில் ரஞ்சிதா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்து எல்லோருக்குமாகப் பேசினார். உள்ளே வருகிற எல்லோருக்கும் மை உண்டு, ஊசி எல்லோருக்கும் கிடையாது, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்பதை உள்ளேதான் கேட்போம், வெளியே யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்றார். காய்ச்சல் இருப்பவர்கள், சில வியாதிகளுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "போட்டுக்க முடியாதவங்களுக்குக் காவலே சுத்தி இருக்கறவங்கதான். வீட்ல இருக்கற மத்தவங்க எல்லாரும் போட்டுக்கிட்டா, அம்மை அந்த வீட்டுக்குள்ள நுழையறதே கஷ்டம்."

அவர் உள்ளே போய்விட்டார். கர்ப்பிணி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அத்தனை கண்களும் சின்ன வயது மருமகள்களின் வயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. கேட்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது ராசாத்தியின் காதில் விழாமலா இருக்கும்? விழுந்தது, நிற்கவில்லை. அவள் ரஞ்சிதாவின் பக்கம் குனிந்து, நாலு வரிசைக்குக் கேட்கும்படி விசாரித்தாள்.

"ஏங் கண்ணு, நீ ஊசி போட்டுக்கலாமல்ல? அப்படி இப்படி ஒண்ணும் இல்லையே?"

ரஞ்சிதாவின் முகம் வெளுத்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கதவோரம் நின்ற மஞ்சுளா பதறிப்போய், அவள் பெயரை அவசரமாகக் கூப்பிட்டு உள்ளே இழுத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் பாப்பாயி எழுந்துவிட்டாள்.

"நானே போறேன். போட்டுத் தொலையறேன்," என்றாள் உரக்க. "இத்தனை பேரு சொல்றாங்க, எதுக்கு வம்பு."

ஹால் மொத்தமும் அவள் பக்கம் திரும்பிவிட்டது. காலையிலிருந்து மலை மாதிரி உட்கார்ந்திருந்தவள் எழுந்தால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? அம்மன் கோவித்துக்கொள்ளாதா என்று ராசாத்தி கேட்டாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று பாப்பாயி சொல்லிவிட்டுக் கதவுக்குள் நுழைந்தாள். ரஞ்சிதாவிடம் கேட்ட கேள்வி அந்தரத்திலேயே நின்றுபோனது.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, சில கேள்விகள் கேட்டு, பின்னறைக்கு அனுப்பினார். அங்கேதான் மஞ்சுளா ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாயி ஸ்டூலில் உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

"போடு சாமி," என்றாள். அவளிடம் இப்படி ஒரு தணிந்த குரல் உண்டு என்பதே மஞ்சுளாவுக்குத் தெரியாது. "எங்கூட்டுப் புள்ளைக்குத்தான் போட முடியாதே. நானாச்சும் போட்டுக்கறேன்."

மஞ்சுளா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டாள். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் அம்மா என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். தாளிக்கற வாசம் பட்டா பொறவாசலுக்கு ஓடுது. என்ற கண்ணுக்குத் தெரியாதா?" பாப்பாயி கையை நீட்டினாள். "அது சொல்லல. அது சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாது. ரெண்டு தடவையும் நாந்தான் ஊரெல்லாம் சொன்னேன். அப்பறம் அத்தனை பேரும் வந்து அதைப் போட்டுக் கேள்வி கேட்டாங்க. என்ற வாய்தான் அவங்களையெல்லாம் கூட்டியாந்து ஊட்டுல உக்கார வெச்சுது."

ஊசி ஏறியது தெரிந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை போனபோது, ராத்திரியில் அந்தப் பெண் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது தன் காதில் விழுந்தது என்றாள். பக்கத்தில் போய் உட்காரத் தனக்கு முகம் இல்லை என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"எனக்குத் தெரியும்னு அதுகிட்டச் சொல்லீராத சாமி. அதுக்கா எப்பச் சொல்லோணும்னு தோணுதோ அப்பச் சொல்லட்டும். சொல்லாட்டியும் செரி." எழுந்தவள் மறுபடி நின்றாள். "மை மட்டும் வெச்சா பத்தாது. கையில பஞ்சும் ஒட்டி அனுப்பு. ராசாத்தி கையைத்தான் பாப்பா."

மஞ்சுளா அதை யோசிக்கவே இல்லை. மையைப் பற்றியே நினைத்து நினைத்துக் கையை மறந்துவிட்டிருந்தாள். அப்போதிலிருந்து உள்ளே வந்த எல்லோர் கையிலும், ஊசி உண்டோ இல்லையோ, ஒரு பஞ்சும் பிளாஸ்திரியும் ஏறியது.

அடுத்து ரஞ்சிதா வந்தாள். மஞ்சுளா அவள் சுண்டுவிரலில் மை வைத்தாள், புஜத்தில் பஞ்சு ஒட்டினாள், உடம்பு சூடு, வலி, கொப்பளம் எது கண்டாலும் உடனே வரவேண்டும் என்று சொன்னாள். ரஞ்சிதா அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அத்தை காலையில இருந்து வேண்டாம்னாங்க. திடீர்னு ஏங்க்கா போட்டுக்கிட்டாங்க?" என்றாள். "அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சுங்களா?"

அந்தப் பின்னறையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. டாக்டர் இல்லை, கதவு சாத்தியிருந்தது. தெரியும் கண்ணு, எல்லாம் தெரியும், உனக்காகத்தான் கையை நீட்டினாள், நீ அழுதது அவளுக்குக் கேட்டது, பயப்படாதே என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண்ணின் முகத்தில் இருக்கிற பயம் இந்த நிமிடமே போய்விடும். இது கெட்ட சேதியா என்ன? மஞ்சுளா தன் ஆயுளில் சொன்ன எத்தனையோ சேதிகளில் இவ்வளவு நல்லது ஒன்றுகூட இருந்ததில்லை. ஆனால் அது பாப்பாயியுடையது. இவளுடையதை அவளிடம் சொல்லாத வாய், அவளுடையதை இவளிடம் சொல்லலாமா?

"வந்தாங்க, போட்டுக்கிட்டாங்க," என்றாள். "உள்ளாற அவங்க என்ன பேசினாங்கங்கறது அவங்களுது கண்ணு. உன்னுது எப்படியோ அப்படி."

ரஞ்சிதா அவளை வியப்போடு பார்த்தாள். மஞ்சுளாக்காவா இது என்று கேட்கிற பார்வை. பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள். அவள் பயம் முழுதாகப் போகவில்லை என்பது மஞ்சுளாவுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஊசி போட்டுக்கொள்வதைவிட வலித்தது.

வெளியே ராசாத்தி காத்திருந்தாள். மையைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், திருப்தியாகி, வலித்ததா என்று கேட்டாள். ரஞ்சிதா வாயைத் திறப்பதற்குள் பாப்பாயியே, அதெல்லாம் கடுக்கத்தான் கடுக்கும், கையைத் தொடாதே என்று அதட்டி மருமகளை வெளியே நகர்த்திக்கொண்டு போனாள்.

அவர்கள் வீட்டுக்கு நெடுஞ்சாலையோரமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மஞ்சுளா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாமக்கல்லிலிருந்து முட்டை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. ரோட்டுப் பக்கமாக ரஞ்சிதா நடந்தாள். நாலு அடி போனதும் பாப்பாயி பேசாமல் பின்னால் சுற்றி வந்து, மருமகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தாள். அவள் தோளில் கிடந்த பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ரஞ்சிதா நின்று மாமியாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாப்பாயி எதிரே வரும் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரஞ்சிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் நடந்தார்கள்.

ரஞ்சிதா புரிந்துகொண்டாளோ இல்லையோ, மஞ்சுளாவுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னால் ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் தெரிந்தவர்கள், எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறவர்கள். இவ்வளவு நல்ல சேதி ஒன்று கையில் இருந்தும், அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் அவள் நின்றது அன்றைக்குத்தான்.